சேலம் தந்த 'நடை'

தொலைவில் வருபவரின் நடையைக் கண்டதுமே இன்னார் என்று சொல்லிவிடுகிறோம். எழுத்துக்கும் அவ்வாறே நடை உண்டு. 'நடை' என்னும் அப்பெயரிலேயே நம் சேலத்திலிருந்து 1968ஆம் ஆண்டு ஒரு காலாண்டிதழ் வெளிவரத் தொடங்கியது. வெளிவந்தவை எட்டே இதழ்கள்தாம். ஆயினும் தமிழ்ப் புதுக்கவிதை வரலாற்றில் அதற்கு நிலையான இடம் உண்டு.

புதிய நடை ஏன் தேவைப்பட்டது? முதல் உலகப் போர் (1914–1918) ஐரோப்பிய மக்களின் பழைய நம்பிக்கைகளைக் குலைத்தது. குலைந்த வாழ்வைப் பழைய ஒழுங்கான நடையில் சொன்னால் அது பொய்யாகிவிடும் என்று எழுத்தாளர் சிலர் உணர்ந்தனர். டி. எஸ். எலியட் 1922இல் 'பாழ்நிலம்' என்னும் நெடுங்கவிதையில் பல குரல்களையும் சிதறிய காட்சிகளையும் கோத்துத் தந்தார். வர்ஜீனியா உல்ஃப் 1925இல் வெளியிட்ட 'மிஸஸ் டாலோவே' நாவலின் கதை லண்டனில் ஒரே நாளில் நடந்து முடிகிறது. வெளியே நடப்பவற்றைவிட மனத்தினுள் ஓடும் எண்ணங்களே அதில் பெரிது.

தமிழிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. பாரதியார் வசன கவிதைக்கு வழிகாட்டினார். ந. பிச்சமூர்த்தி 1934இல் யாப்பின் கட்டுக்கு வெளியே 'காதல்' என்னும் கவிதையை எழுதினார். சிறுகதையில் புதுமைப்பித்தனும் மௌனியும் ஆளுக்கொரு புது நடை கண்டனர். சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் புதுக்கவிதைக்குக் களமாயிற்று. நகர வாழ்வைக் கூறும் 'நரகம்' என்னும் நெடுங்கவிதையைச் சி. மணி அதில்தான் எழுதினார். ஆங்கிலப் பேராசிரியரான அவரே பின்னர் நண்பர்களுடன் சேர்ந்து 'நடை'யை நடத்தினார். அவர் 2009இல் மறைந்தார்.

நாவலிலும் நம் கொங்கு மண் பின்தங்கவில்லை. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மாள்' நாவலில் உழவர் பேசும் பேச்சையே ஏட்டில் ஏற்றினார். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகனின் முதல் நாவல் 'ஏறுவெயில்' 1991இல் அதே கொங்குத் தமிழில் வந்தது.

யாப்பு வேண்டாமென்றால் கவிதை எளிதுதானே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வரியை உடைத்து உடைத்து எழுதிவிட்டுப் புதுக்கவிதை என்கிறோம். ஆனால் சி. மணியோ 'யாப்பும் கவிதையும்' என்னும் நூலையே எழுதியவர். மரபை நன்கு கற்ற பிறகே அதைக் கடந்தார். சொல்லவேண்டிய செய்திதான் அவர் நடையை மாற்றியது, சோம்பல் அன்று.

இனி, நம் கட்டுரை ஏட்டைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். 'எங்கள் ஊர்' என்ற தலைப்பு வந்தால், 'நீர்வளமும் நிலவளமும் நிறைந்த' என்றே நாம் எல்லோரும் தொடங்குகிறோம். நம்மில் பலர் வீட்டுக் கிணற்றில் சித்திரையில் நீர் இராது. ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிச் செல்லும் வண்டிகளும், விடியும்வரை ஓயாத தறிச்சத்தமும், லாரி ஓட்டச் சென்ற தந்தையை எதிர்பார்த்து வாசலில் அமர்ந்திருக்கும் தாயும் நம் ஏட்டில் இடம் பெறுவதே இல்லை. மதிப்பெண் கிடைக்கிறது, ஆனால் நம் ஊர் காணாமற்போகிறது!

தேய்ந்த தொடர் நம்மைச் சிந்திக்க விடாது. கண்டதைக் கண்டவாறு சொல்ல முயலும்போதே நமக்கென ஒரு நடை பிறக்கும். எனவே தோழியரே, இலக்கணத்தைக் கசடறக் கற்போம். பிறகு நம் ஊரை நம் சொற்களால் எழுதுவோம். அடுத்த கட்டுரையின் முதல் வரியிலேயே அதைத் தொடங்குவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி