காதில் கோளாறு இல்லை!

கேள்வி: பனியன் கம்பெனியில் சூப்பர்வைசருங்க நான். பீகார் தொழிலாளர்களோடு பேசிப் பேசி இந்தி ஓரளவு வந்துவிட்டது. ஆனால் அவர்கள் சாப்பாட்டைச் சொல்கிறார்களா, பாட்டைச் சொல்கிறார்களா என்பதே பிடிபடுவதில்லை. இரண்டும் எனக்குக் ‘கானா’தான். காதில் கோளாறுங்களா?
– வாசகர், திருப்பூர்

பதில்: காது நன்றாகத்தான் இருக்கிறது, தமிழுக்குப் பழகிய காது, அவ்வளவுதான். ‘கல்’, ‘தங்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். ககரம் இரு விதமாக ஒலிக்கிறது. ஆனால் எது எங்கே வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுகிறது, பொருள் மாறுவதில்லை. அதனால் காதும் அதற்கு மெனக்கெடுவதில்லை. இந்தியிலோ ககர வரிசைக்கு நான்கு எழுத்து, நான்கும் பொருளை மாற்றும்.

பிறவியில் இந்தத் தடை கிடையாது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் கனடாவில் நடத்தி 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6–8 மாதத்தில் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்தறிந்தன. 10–12 மாதத்தில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை.

கோவைப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களுக்கு உங்கள் சிக்கல் குறைவு; அவர்கள் மொழியில் இந்தக் ககர வேறுபாடு உண்டு.

வழி இருக்கிறது. வாய்க்கு எதிரே உள்ளங்கையை வைத்துக்கொண்டு இரு சொற்களையும் சொல்லும்படி தொழிலாளர்களிடம் கேளுங்கள்: சாப்பாட்டுச் சொல்லில் காற்று கையில் அடிக்கும், பாட்டில் அடிக்காது. ஒருவரிடம் மட்டும் கேட்காமல் நாலைந்து பேரின் குரலில் கேளுங்கள். பல குரல்களில் கேட்டால்தான் காது பழகும். பதிலுக்கு நம் ‘வலி’, ‘வழி’ வேறுபாட்டை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.