சீனப் புல்லாங்குழலின் சவ்வு

மூங்கிலில் துளையிட்டு, காற்றை ஊதி இசை எழுப்பும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. நம் புல்லாங்குழலை நாம் அனைவரும் அறிவோம். சீன நாட்டிலும் இதுபோலக் குறுக்காகப் பிடித்து வாசிக்கும் மூங்கிற்குழல் ஒன்று உண்டு. அதன் பெயர் டிசி. அதன் தனிச் சிறப்பைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

டிசியில் ஊதும் துளை ஒன்றும் விரல் துளைகள் ஆறும் உள்ளன. இவற்றிற்கு நடுவே மற்றொரு துளையும் உண்டு. வாசிக்கும்போது வாயோ விரலோ அத்துளையை மூடுவதில்லை. மெல்லிய சவ்வு ஒன்றை அதன்மேல் ஒட்டிவிடுவார்கள். குழலில் ஊதும்போது உள்ளிருக்கும் காற்று அதிர்கிறது. அந்த அதிர்வால் சவ்வும் துடிக்கிறது. அதனால் சுரத்தோடு நுண்ணிய மேற்சுரங்கள் சேர்ந்து, தேனீயின் ரீங்காரம் போன்ற ஒளிமிக்க நாதம் பிறக்கிறது.

இச்சவ்வு எதனால் ஆனது? ஆற்றங்கரைகளில் வளரும் நாணலின் தண்டைப் பிளந்தால், உட்சுவரை ஒட்டினாற்போல் மெல்லிய தோல் ஒன்று தென்படும். அதுவே இச்சவ்வு. தாவரவியல் வகுப்பில் நுண்ணோக்கியின் அடியில் வைப்பதற்காக வெங்காயத்தோல் உரித்த மாணவியர்க்கு இதன் மென்மை எளிதில் விளங்கும். கொரிய நாட்டின் தேகும் என்னும் பெரிய மூங்கிற்குழலிலும் நாணற்சவ்வே ஒட்டப்படுகிறது. அங்கே அதன்மேல் உலோக மூடி ஒன்றைக் கட்டிப் பாதுகாக்கிறார்கள்.

சீனரின் குழலில் இச்சவ்வு தொடக்கம் முதலே இருந்ததில்லை. 1973-இல் ஹூனான் மாநிலத்திலுள்ள மாவாங்டுய் என்னுமிடத்தில் கி.மு. 168-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறை ஒன்றை அகழ்ந்தபோது இரண்டு மூங்கிற்குழல்கள் கிடைத்தன. அவற்றில் சவ்வுத் துளை இல்லை. சவ்வு ஒட்டிய குழல் பற்றிய குறிப்பு, பல நூற்றாண்டுகளுக்குப் பின் சொங் அரசர் காலத்தில் சென் யாங் என்னும் அறிஞர் தொகுத்த இசை நூலில் காணப்படுகிறது.

சவ்வை ஒட்டும் முறை

முதலில் துளையைச் சுற்றியுள்ள பழைய பசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பின்பு துளையைவிடச் சற்றுப் பெரிதாகச் சவ்வைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும். ஒட்டுவதற்குக் கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசைக்கட்டியை நீரில் நனைத்துத் தேய்ப்பது சீனரின் வழக்கம். அது கிடைக்காவிடில் பூண்டுப் பல்லை நறுக்கி அதன் சாற்றைத் தடவுவார்கள். இவை இரண்டும் நீரில் கரைபவை. ஆகவே வேண்டும்போது சவ்வை எடுத்து மறுபடியும் ஒட்டலாம். பசை துளைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

அடுத்து வருவதுதான் கடினமான வேலை. சவ்வின் இரு ஓரங்களையும் விரல்களால் பிடித்து, மெல்லக் கசக்கி, மெல்ல இழுத்து, அதில் நுண்ணிய சுருக்கங்களை உண்டாக்க வேண்டும். அச்சுருக்கங்கள் குழலின் நீளத்துக்குக் குறுக்காக, ஒரே சீராக அமையும்படி ஒட்ட வேண்டும். சுருக்கமின்றி விறைப்பாக ஒட்டிய சவ்வு நன்றாக அதிர்வதில்லை. சுருக்கங்களே அதற்கு வேண்டிய நெகிழ்ச்சியைத் தருகின்றன.

சரிபார்த்தல்

ஒட்டியபின் கீழ்ச்சுரங்களையும் மேற்சுரங்களையும் மாறி மாறி வாசித்துப் பார்க்க வேண்டும். ரீங்காரமின்றி ஒலி மந்தமாக இருந்தால் சவ்வு இறுகியிருக்கிறது என்று பொருள். அப்போது விரல் நுனியால் மிக இலேசாக அழுத்தியோ, வாயின் ஈர மூச்சைப் படவிட்டோ தளர்த்தலாம். ஒலி கரகரத்து, மேற்சுரங்கள் எழத் தடுமாறினால் சவ்வு தளர்ந்திருக்கிறது. பசை உலருமுன் ஓரத்தைச் சிறிது இழுத்துவிட்டால் சரியாகும். இதற்கு அளவுகோல் எதுவும் இல்லை. வாசிப்பவரின் காதே நீதிபதி.

ஒருமுறை சரிசெய்துவிட்டோம் என்று இருந்துவிடவும் முடியாது. காற்றில் ஈரம் மிகுந்தால் சவ்வு தொய்யும், வறண்டால் இறுகும். நகம் பட்டாலே கிழிந்துவிடும். கிழிந்தால் காற்று அத்துளை வழியே வெளியேறுவதால் சுரங்கள் நிலைகுலையும். அரங்கின் நடுவில் அவ்வாறு நேர்ந்தால் பாட்டைத் தொடர இயலாது. ஆகவே கலைஞர்கள் உபரிச் சவ்வையும் பசையையும் குழலோடு எடுத்துச் செல்கிறார்கள். சவ்வுக்குப் பதிலாகத் துளையைத் தாளால் மூடிவிட்டாலும் குழல் ஒலிக்கும். ஆனால் டிசிக்கே உரிய குரல் அதில் இராது.

தென்சீனத்தில் குன்ச்யூ எனப்படும் பழமையான இசை நாடகத்துக்கு நீண்ட டிசி பக்கவாத்தியமாக அமைந்துள்ளது. அந்நாடகக் கலையை 2001-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் அரிய மரபாக அறிவித்தது. வடசீனத்தில் வழங்குவது துள்ளலான இசைக்கு ஏற்ற குட்டையான டிசி. பெரும்பாலும் பக்கவாத்தியமாகவே இருந்த இக்கருவியை 1953-இல் பெய்ஜிங்கில் நடந்த நாட்டுப்புறக் கலைவிழாவில் ஃபெங் சிசுன் தனித்து வாசித்துப் புகழ் பெற்றார்.

குழலைச் செய்பவர் மூங்கிலைத் தேர்ந்து, துளைகளை அளந்து இட்டுத் தருகிறார். ஆனால் அதன் குரலை அன்றாடம் அமைப்பவர் வாசிப்பவரே. ஆகவே சுரங்களைப் பயிலும் மாணவர் சவ்வை ஒட்டும் பொறுமையையும் கூடவே பயில்கிறார். பல சவ்வுகள் கிழிந்த பின்னரே இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் இடையிலுள்ள சரியான நிலை கைக்கு வசப்படுகிறது. நாணலின் உள்ளே மறைந்திருக்கும் எளிய தோல் ஒன்று இத்தனை பெரிய இசைக்குத் துணை நிற்பதை எண்ணும்போது நாம் வியப்படைகிறோம்.