அயலகத்தில் இறப்பும் துணைத் தூதரின் கடமையும்

முன்னுரை

தூது என்றதும் வேந்தரிடையே சென்று உரையாடும் அறிவுடையோரே நம் நினைவிற்கு வருவர். வள்ளுவரும் 69-ஆம் அதிகாரத்தை அவர்க்கென வகுத்தார். ஆயின் இக்காலத் துணைத் தூதரின் பணி, பிழைப்பு நாடிக் கடல் கடந்த எளிய குடிமகனின் இறுதிக் கடன் வரை நீள்கின்றது. அதனை ஈண்டுக் காண்போம்.

சட்ட அடிப்படை

1963-இல் வியன்னாவில் உருவான தூதரக உறவுகள் உடன்படிக்கையை இந்தியா 1977-இல் ஏற்றது. அயல்நாட்டவர் ஒருவர் இறந்தால் அவர்தம் நாட்டுத் துணைத் தூதரகத்திற்குக் காலந்தாழ்த்தாது அறிவித்தல் வேண்டும் என்பது அதன் 37-ஆம் பிரிவு. இறந்தார் விட்டுச்சென்ற உடைமைகளில் வாரிசுகளின் நலன் காப்பதும் தூதரகப் பணி என்கிறது 5-ஆம் பிரிவு.

நடைமுறை

வளைகுடா நாடொன்றில் நம்மவர் ஒருவர் இறப்பின், இந்தியத் தூதரகம் இறப்பைப் பதிவு செய்யும். கடவுச்சீட்டை ரத்து செய்யும். தடையில்லாச் சான்று வழங்கும். மருத்துவச் சான்று, காவல்துறை அனுமதி, உடலைப் பதப்படுத்தியமைக்கான சான்று ஆகியன சேர்ந்த பின்னரே உடல் விமானம் ஏறும்.

அங்கேயே அடக்குவதா, ஊருக்குக் கொணர்வதா? இதனை முடிவு செய்வோர் குடும்பத்தாரே, தூதர் அல்லர். ஜனாஸாவை விரைந்து அடக்குதல் நம் மார்க்க நெறியாதலின், முஸ்லிம் குடும்பத்தார் பலர் அங்கேயே அடக்க இசைகின்றனர். மகன் முகத்தை ஒருமுறையேனும் காண ஏங்கும் தாய்க்கோ அது ஆறாத் துயர். எதுவாயினும் வாரிசுகளின் எழுத்துவழி இசைவு வேண்டும். மனைவி ஒன்றும் தமையன் மற்றொன்றும் கூறின், சவக்கிடங்கிலேயே நாட்கள் கழியும்.

எல்லைகள்

முதலாளியிடம் நிலுவைச் சம்பளத்தையும் இழப்பீட்டையும் தூதரகம் கேட்கலாம். ஆணையிட்டுப் பெற இயலாது. தீர்ப்பது அந்நாட்டுச் சட்டமும் நீதிமன்றமுமே. உடலை அனுப்பும் செலவை ஏற்பார் இல்லாதவிடத்து, 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்திய சமுதாய நல நிதியிலிருந்து வறியோர்க்கு உதவ வழியுண்டு.

முடிவுரை

தூதரகம் உறவினரின் கை போல்வது. உறவினர் விருப்பம் தெரியாவிடில் அக்கை அசையாது. எனவே பயணம் புறப்படுவோர் கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலையும் முதலாளியின் முகவரியையும் வீட்டில் வைத்துச் செல்லல் நன்று. அடக்கம் குறித்த தம் விருப்பத்தையும் சொல்லிச் செல்லலாம். அப்பேச்சை அபசகுனம் என நாம் ஒதுக்குதல் ஆகாது. அது பின்னிருப்போர்க்குச் செய்யும் பேருதவியாகும்.