இரை உயிரோடு இருக்கட்டும்

நைனா, தூண்டில் சவாரிப் படகில் நீ வேலைக்குச் சேரப் போவதாக உன் அம்மா போனில் சொன்னாள். காளஹஸ்தியில் பிறந்து திருப்பதியில் படித்த பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று அவளுக்குக் கவலை. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி சூலூர்பேட்டையும் தடாவும் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்ததோடு கடலே உங்கள் மாவட்டத்துக்கு வந்துவிட்டது, பிள்ளை கடலுக்குப் போனால் என்ன என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெளியூர் ஆட்களைப் படகில் ஏற்றிப்போய், கையில் தூண்டிலைக் கொடுத்து, அவர்களையே மீன் பிடிக்க வைக்கும் இந்தத் தொழில் அந்தமானிலும் சென்னைப் பக்கத்திலும் பழகிவிட்டது. பழவேற்காடு ஏரியைச் சுற்றிய நம் கரைக்கு இன்னும் புதுசு. இதில் மீன் பிடிப்பது விருந்தாளி. நம் வேலை இரண்டே இரண்டு: இரையை உயிரோடு வைத்திருப்பது, வந்தவர்களை உயிரோடு கரை சேர்ப்பது. கீழே சொல்லியிருப்பதில் பாதி நான் தப்புச் செய்து கற்றது. எந்தப் பாதி என்று கேட்காதே.

1. வலையை வீசுவதற்கு முன் தண்ணீரைப் பார். விடிவதற்கு முன்னால் ஏரிக்கரையில் மடவைக் குஞ்சுகள் மேயும்போது தண்ணீரின் மேல்தோல் மட்டும் சிலிர்க்கும். காற்றால் வரும் சிற்றலை ஒரே பக்கமாக ஓடும். மீன் போடும் சிலிர்ப்பு ஓரிடத்தில் நிற்கும், சட்டென்று திசை திரும்பும். இந்த வித்தியாசம் கண்ணில் படுகிறவரை வீச்சு வலை தோளிலேயே இருக்கட்டும். என் அப்பா எனக்கு வலை கற்றுக்கொடுத்தபோது ரொம்ப நாள் தண்ணீர் பக்கமே விடவில்லை. மணலில் வீசச் சொல்வார். ஈயக் குண்டுகள் மணலில் பதிந்த தடத்தைச் சுற்றி நடந்து பார்ப்பார். வட்டமாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். கோணலாக இருந்தால், "யாருக்கு அவசரம்?" என்று மட்டும் கேட்பார்.

2. ஏரி பொதுவாகத்தான் தெரியும். அதற்குள் பாடு உண்டு. எந்தத் தலைக்கட்டு எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது நம் தாத்தாக்களுக்கும் முந்திய வழக்கம். கரையில் அதற்கு வேலியோ பலகையோ கிடையாது. தெரிந்தவர்கள் வாயில்தான் இருக்கிறது. இரைக்கு நாலு மீன்தானே என்று இன்னொருவர் பாட்டில் வலையைப் போடாதே. அவர் அந்த முறைக்காக எத்தனை நாள் காத்திருந்தாரோ! போதாததற்கு ஏரிக்குள்ளேயே மாநில எல்லையும் ஓடுகிறது. எல்லையைச் சொல்லி இரண்டு பக்கத்து மீனவர்களுக்கும் மனஸ்தாபம் முற்றிய வருஷங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கரையில் பெண் எடுத்தவர்கள்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலில் போய்க் கேள். தெலுங்கில் கேட்க வேண்டிய இடத்தில் தெலுங்கில் கேள். உனக்குத்தான் இரண்டும் வருமே. பத்து மடவைக்காகப் பக்கத்து ஊரைப் பகைத்துக்கொள்ளாதே.

3. உயிர் இறால் வேண்டுமானால் பெரும்பாலும் விலைக்குத்தான் வாங்குவாய். இருளர் பெண்கள் ஏரிக்குள் உட்கார்ந்தபடி நகர்ந்து, ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள். கை முழுக்க முள் கீறல் இருக்கும். அவர்களிடம் பேரம் பேசாதே. சவாரிப் பணம் வந்ததும் தருகிறேன் என்றும் சொல்லாதே. வாங்கிய இடத்திலேயே கொடுத்துவிடு. படகுச் செலவில் முதல் செலவு அதுதான், டீசல்கூட அப்புறம்தான்.

4. ஒரு படகில் வேலைக்குச் சேருவதற்கு முன் அதன் இரை டப்பை எட்டிப் பார். படகுக்காரர் எப்படிப்பட்டவர் என்று அவரைக் கேட்காமலே தெரிந்துவிடும். டப் வட்டமாக இருக்க வேண்டும். கானாங்கெளுத்தி ஓயாமல் நீந்தினால்தான் மூச்சுவிடும். சதுரப் பெட்டியில் மூலைக்கு மூலை முட்டி மூக்கு சிவந்து ஒரு மணி நேரத்தில் மல்லாந்துவிடும். ஐம்பது லிட்டர் டப்பில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போடாதே. இருபது போட்டால் இருபதும் சாகும், பத்து போட்டால் பத்தும் இருக்கும். பேராசைக்கு இவ்வளவு சீக்கிரம் கணக்குத் தீர்க்கிற இடம் வேறு இல்லை. வெயில் ஏறினால் தண்ணீரில் காற்று குறையும். அப்போது ஐஸை உடைத்துப் போடக் கூடாது. ஐஸ் நல்ல தண்ணீர், உப்பைக் கெடுத்துவிடும். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, மூடியோடு மிதக்க விடு. செத்த மீனை அந்த நிமிஷமே எடுத்துவிடு, மற்றதையும் கெடுக்கும்.

இன்னொன்று, நம் ஏரிக்கென்றே சொல்ல வேண்டியது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது ஏரியில் உப்புக் குறைந்துவிடும். கோடையில் வற்றி, சில இடங்களில் கடலைவிட உப்பேறிக் கிடக்கும். ஏரியில் பிடித்த இறாலை அப்படியே கடல் தண்ணீரில் கொட்டினால் சுருண்டுவிடும். குவளை குவளையாகக் கடல் தண்ணீரைச் சேர்த்து, அரை மணி நேரமாவது பழக்கு. முகத்துவாரம் போய்ச் சேருவதற்குள் பழகிவிடும். அந்த அரை மணி நேரம் உனக்குச் சலிப்பாக இருக்கும். விருந்தாளி செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார். நீ குவளையை விடாதே.

5. உலர்ந்த கையால் இரையைத் தொடாதே. மேலே இருக்கிற வழுவழுப்புத்தான் அதற்குக் கவசம். கையை நனைத்துக்கொண்டு எடு. படகு ஓடிக்கொண்டே இழுத்தால் மேலுதட்டில் கோர். நின்று மிதந்தால் முதுகுத் துடுப்புக்குப் பக்கத்தில், தோலோடு. இறாலுக்குத் தலைக்குள் கறுப்பாகத் தெரியும் இடத்தைத் தொடாமல் கொம்புக்கு அடியில். இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். வராதது ஒன்று உண்டு: உயிருள்ளதில் முள் ஏற்றுகிறோம் என்ற கூச்சம். அது கொஞ்சம் இருக்கட்டும். கூச்சம் விட்டுப்போனவனுடைய இரை சீக்கிரம் சாவதை நான் எத்தனையோ படகில் பார்த்துவிட்டேன். கை முரடாகிவிடுகிறது, அவனுக்கே தெரிவதில்லை.

6. முகத்துவாரத்தில் வீரம் வேண்டாம். வற்றத்தில் ஏரித் தண்ணீர் வெளியே பாயும்போது எதிரே கடல்காற்று அடித்தால், அலை குட்டையாகச் செங்குத்தாக எழும்பும். அதில்தான் படகு மூக்கைக் குத்தும். மணல் திட்டும் ஓரிடத்தில் இருக்காது. போன மாதம் போன வழி இந்த மாதம் இருக்காது. ஏற்றத்துக்குக் காத்திரு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு அதிகம், அதற்குத் தக்கபடி நேரம் வை. அலை எந்த இடத்தில் உடைகிறது, எந்த இடத்தில் உடையாமல் கடக்கிறது என்று என்ஜினை மெதுவாக ஓட விட்டுப் பார்த்துக்கொண்டே இரு. பின்னால் இருப்பவர் "போலாம் அண்ணா, போலாம்" என்பார். அவருக்கு அது ஜாலி.

7. ஆள் கணக்கில் தாட்சண்யம் பார்க்காதே. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டுக்குச் சுற்றிப்பார்க்க வந்த உறவுக்காரர்கள் போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே படகுச் சவாரியையே தடை செய்தார்கள். அன்றைக்குக் கரையில் நின்றவர்கள் இன்னமும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, நானும் அதிகம் எழுதப் போவதில்லை. உனக்குச் சொல்வது இவ்வளவுதான்: சவாரிக்கு அனுமதி இருக்கிற படகில் மட்டும் ஏறு. மீன்பிடிப் படகுக்குப் பாய் விரித்து, சவாரிப் படகு என்று சொன்னால் நம்பாதே. லைஃப் ஜாக்கெட் போடாத ஆள் இருந்தால் கயிற்றை அவிழ்க்காதே. வேர்க்கிறது, போட்டோவில் நன்றாக இல்லை என்றாலும் சரிதான். "குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்பார்கள். குழந்தையும் ஒரு ஆள்.

8. வானத்தை நம்பு, செய்தியையும் நம்பு; இரண்டில் எது பயமுறுத்துகிறதோ அதைக் கேள். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் அலை உயரத்தையும் காற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, போனிலேயே பார்க்கலாம். எங்கள் காலத்தில் வாடையையும் கொண்டலையும் முகத்தில் வாங்கித்தான் தெரிந்துகொண்டோம். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் புயல் கரை கடந்தபோது, அதற்கு முந்தின நாளே என் அப்பா கட்டுமரத்தைப் பிரித்துப் பனைமரத்தோடு கட்டிவிட்டார். மழை இன்னும் தொடங்கவில்லை. பக்கத்து வீட்டார் கேலி செய்தார்கள். அவர் பதிலே பேசவில்லை, இன்னொரு முடிச்சுப் போட்டார். முன்பணம் வாங்கிய சவாரியை நிறுத்துவது கஷ்டம்தான். திருப்பிக் கொடுத்துவிடு.

9. விருந்தாளியைப் படி. சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் வருகிறவர்களில் பலர் கடலில் ஏறுவது அதுதான் முதல் தடவை. வாந்தி எடுப்பார்கள். சிரிக்காதே. அடிவானத்தைப் பார்க்கச் சொல், படகின் நடுவில் பின்பக்கமாக உட்கார வை, எலுமிச்சங்காய் ஒன்று கொடு. திருமலையில் முடி கொடுத்துவிட்டு நேரே மீன் பிடிக்க வருகிறவர்களும் உண்டு. புது மொட்டையில் பங்குனி வெயில் பட்டால் சாயங்காலத்துக்குள் தோல் கன்றிவிடும். படகில் இரண்டு மூன்று தொப்பி எப்போதும் இருக்கட்டும். ஒருமுறை ஒரு பெரியவர் தொப்பி வேண்டாம் என்று தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி கோவிந்தா கோவிந்தா என்றபடியே பாரையை இழுத்தார். நன்றாகத்தான் இழுத்தார்.

10. மீன் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதே. வஞ்சிரம், ஷீலா, கடல் விரால் என்று பேர் சொல்லி ஆசை காட்டுகிறவர்கள் உண்டு. கடலில் தெண்டி நீரோட்டம் ஓடுகிறதா, வன்னி நீரோட்டம் ஓடுகிறதா என்பது பாதி மீனைத் தீர்மானிக்கும். அது உன் கையில் இல்லை. இரை நன்றாக இருக்கும், படகு பத்திரமாகப் போகும் என்று மட்டும் சொல். அது உன்னால் முடிந்தது. வெறுங்கையோடு திரும்பினவர் உன்னைத் திட்டுவார். பொய் சொல்லிக் கூட்டிப்போனவனை ஊரே திட்டும்.

11. எதை விடுவது என்பது எதைப் பிடிப்பது என்பதைவிடக் கடினமான பாடம். சின்னக் கொடுவாவை விட்டுவிடு. பண்டுகப்பா என்று பேர் சொல்லி அது வளர்வதற்குள் விற்கிறவர்கள் வேறு ஊரில் இருக்கட்டும். வட்டமாக வளைந்த முள்ளைப் போட்டால் மீன் விழுங்காமல் வாயோரத்தில் மாட்டும், விடுவதும் சுலபம். தை மாசி மாதங்களில் பங்குனி ஆமை முட்டையிட நம் கரைக்கு வரும். ஆமையோ வேளா மீனோ மாட்டினால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. படகில் ஏற்றாமல், முள்ளுக்குப் பக்கத்தில் தூண்டில் நரம்பை வெட்டிவிடு. விருந்தாளி ஒரு போட்டோ என்று கெஞ்சுவார். அப்போது உனக்குக் காது கேட்காது.

12. தொழில் இல்லாத நாட்களையும் கணக்கில் வை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. ஆந்திரக் கரையில் என்ஜின் வைத்த நம் ஃபைபர் படகுக்கும் அது உண்டு. புரட்டாசியில் தமிழ் வீடுகள் கவுச்சியை நிறுத்தும், கார்த்திகையில் தெலுங்கு வீடுகள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் அந்தப் பக்கக் கடலுக்கே போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். கடலிலிருந்து ராக்கெட் பார்க்கலாமா என்று அதிகப் பணம் நீட்டுவார்கள். மாட்டேன் என்று சொல்லிப் பழகு. இந்த நாட்களில் வலையின் கிழிசலைத் தை, என்ஜினைப் பிரித்துத் துடை. கையில் கொஞ்சம் சேர்த்துவைத்தால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரும். கடன் இருந்தால் வராது.

13. கரைக்கு வந்ததும் மீந்த இரையைப் பார். ஏரியில் பிடித்ததை ஏரியில் விடு. செத்ததை நண்டு பிடிக்கிறவர்களுக்குக் கொடு. விருந்தாளியின் மீனைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடாதே. டப்பைக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வை. சோப்பு மட்டும் போடாதே. வாடை பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் காலை நீ பிடித்து வருகிற மடவை அதில் பத்து நிமிஷம் தாங்காது.