வங்கி இணைப்பும் வருவாயும்: பெங்களூரு தரும் பாடம்

பெங்களூரில் ஒரு காலத்தில் பெரிதும் அறியப்பட்டிருந்த சில வங்கிப் பெயர்கள் இன்று வழக்கில் இல்லை. இந்நகரில் 1930-இல் தோன்றிய வைஸ்யா வங்கி, பின்னர் ஐஎன்ஜி வைஸ்யா எனப் பெயர் மாறி, 2015-இல் கோட்டக் மகிந்திரா வங்கியுடன் இணைந்தது. 1913-இல் தொடங்கப்பெற்ற மைசூர் வங்கி, ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூராக வளர்ந்து, 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியில் கலந்தது. விஜயா வங்கி 2019-இல் பரோடா வங்கியுடன் சேர்ந்தது. 2020-இல், இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கனரா வங்கி, மணிப்பாலின் சிண்டிகேட் வங்கியைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2017-இல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 2020-இல் 12 ஆயின.

இணைப்பினால் வங்கியின் அளவு பெருகுகிறது. வருவாயும் பெருகுமா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

இலாபம் உருவாகும் விதம்

ஒரு வங்கி 100 ரூபாய் வைப்புத்தொகைக்கு 6 ரூபாய் வட்டி அளித்து, அதே தொகையை 9 ரூபாய் வட்டிக்குக் கடனாகத் தருகிறது எனக் கொள்வோம். மிஞ்சுவது 3 ரூபாய். ஊதியம், வாடகை, கணினிச் செலவுகளுக்கு 1 ரூபாய் 50 காசு போகிறது. வாராக்கடனுக்கான ஒதுக்கீடு 75 காசு. வரிக்கு முந்தைய இலாபம் 75 காசு மட்டுமே. ஒதுக்கீடு 2 ரூபாயாக உயர்ந்தால், அதே வங்கி 50 காசு நட்டம் அடையும்.

ஆக, வட்டி வித்தியாசம், நிர்வாகச் செலவு, வாராக்கடன் ஆகிய மூன்றுமே இலாபத்தை முடிவு செய்கின்றன. அருகருகே உள்ள கிளைகளை ஒன்றாக்குவதால் கிடைக்கும் சிக்கனம் மெதுவாகவே வந்து சேரும். கணினி அமைப்புகளை ஒருங்கிணைக்கும் செலவோ உடனே வரும். இணையும் வங்கியின் வாராக்கடனும் முதல் நாளிலேயே கணக்கில் ஏறிவிடும்.

பாரத ஸ்டேட் வங்கி, ஐந்து துணை வங்கிகளையும் பாரதிய மகிளா வங்கியையும் இணைத்த பின் வந்த 2017-18 நிதியாண்டில் 6,547 கோடி ரூபாய் நட்டம் கண்டது. நாடெங்கும் வாராக்கடன் உச்சத்தில் இருந்த காலம் அது. அதே வங்கி 2024-25-இல் 70,901 கோடி ரூபாய் நிகர இலாபம் ஈட்டியது. கனரா வங்கியும் 2019-20-இல் நட்டத்தில் இருந்து, 2024-25-இல் 17,027 கோடி ரூபாய் இலாபத்தை எட்டியது. இவ்வங்கிகளின் ஏற்றத்தில் அளவைக் காட்டிலும் கடன் தரம் சீரடைந்ததற்கே பங்கு அதிகம்.

பெரிய வங்கியும் சிறிய வங்கியும்

பரந்த கிளைகளும் சேமிப்புக் கணக்குகளும் இருப்பதால் பெரிய வங்கிகளுக்குக் குறைந்த செலவில் பணம் கிடைக்கிறது. எனினும் வட்டி குறையும் காலத்தில் அவற்றுக்கு ஓர் இடர் உண்டு. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ வட்டி 6.50 விழுக்காட்டிலிருந்து 5.50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ரெப்போவுடன் பிணைந்த வீட்டுக்கடன்களின் வட்டி விரைவில் இறங்குகிறது. நிலை வைப்பின் வட்டியோ முதிர்வுக்குப் பின்னரே இறங்குகிறது. இடைப்பட்ட காலத்தில் வட்டி வித்தியாசம் சுருங்கும். பழைய வைப்புகள் புதுப்பிக்கப்படும்போது ஓரளவு மீளும்.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட உஜ்ஜீவன், ஜனா போன்ற சிறு நிதி வங்கிகளின் நிலை வேறு. நுண்கடன்களின் வட்டி பெரும்பாலும் நிலையானது என்பதால், ரெப்போ இறங்கினாலும் அந்த வருவாய் உடனே குறைவதில்லை. ஆனால் வைப்புகளைத் திரட்ட இவ்வங்கிகள் கூடுதல் வட்டி தர வேண்டியுள்ளது. 2024-25-இல் நுண்கடன் தவணைகள் தடைப்பட்டதால் ஒதுக்கீட்டுச் சுமையும் கூடியது. ஒரே வகைக் கடனை நம்பியிருப்பதன் ஆபத்து இது. 2024 ஏப்ரலில் பெங்களூரின் ஃபின்கேர் வங்கி ஏயூ சிறு நிதி வங்கியுடன் இணைந்தபோது, தென்னகக் கிளைகளும் நுண்கடனும் ஏயூவுக்குப் புதிதாகக் கிடைத்தன. ஃபின்கேருக்குப் பலவகைக் கடன்கள் கொண்ட பெரிய அமைப்பு கிடைத்தது.

வாடிக்கையாளர் கருத வேண்டியவை

வைப்புக் காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை. இரு வங்கிகளில் தலா 5 லட்சம் வைத்திருப்பவருக்கு, அவை இணைந்து ஒரே வங்கியானால், வரம்பும் ஒன்றாகிவிடும். இதனை முன்கூட்டியே எண்ணி வைப்பைப் பகிர்ந்துகொள்வது நலம்.

பங்குதாரர் நிலை வைப்பாளர் நிலையினின்று வேறானது. விஜயா வங்கியின் 1,000 பங்குகளுக்குப் பரோடா வங்கியின் 402 பங்குகள் கிடைத்தன. கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்தியாவுடன் இணைக்கப்பட்டபோது, வைப்பாளர் பணம் காக்கப்பட்டது. பங்குகளோ மதிப்பின்றிப் போயின.

எனவே, இணைப்புச் செய்தி வரும்போது கிளைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், இரு வங்கிகளின் வாராக்கடன் விகிதத்தையும் மூலதனப் போதுமை விகிதத்தையும் ஆண்டறிக்கையில் பார்த்தறிவது பயன் தரும். ஐஎஃப்எஸ்சி குறியீடும் காசோலைப் புத்தகமும் மாறும் நாளை வங்கியின் அறிவிப்பில் குறித்துக்கொள்ளவும் வேண்டும்.