வடக்கு ஜன்னலில் வெயில்

மந்தைவெளி,
ஆடி 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவு ஆறையும் இரண்டு தடவை கேட்டேன். எனக்குப் பேசி அனுப்ப வராது. எழுதினால்தான் நினைப்பு கோவையாக வரும். அதனால் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உன் ஜன்னல். “வடக்குப் பார்த்த ஜன்னல்தான் வேண்டும் என்று அலைந்து திரிந்து வீடு பிடித்தேன், அதிலும் வெயில் வருகிறதே அத்தை” என்கிறாய். வராமல் என்ன செய்யும்? ஓவியம் வரைகிற அறைக்கு வடக்கு வெளிச்சம்தான் உத்தமம் என்று எழுதிவைத்தவர்கள் ஐரோப்பாவில் இருந்தவர்கள். அங்கே நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். நம் சென்னை 13 பாகையில் இருக்கிற ஊர். சித்திரை பிறந்து பத்து நாளானால் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆவணி பிறக்கும்போதுதான் திரும்பும். நடுப்பகலில் தலைக்கு மேல் நிற்பதால் தெரியாது. காலை எட்டரை வரைக்கும், மறுபடி நாலு மணிக்கு மேலும் பக்கவாட்டில் சாய்ந்து உன் தாள் மேல் விழும். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்த காலத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொந்தமாக ஓர் அறை கிடைத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். சன்ஷேடை நீட்டச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்காதே, பணம்தான் வீண். மேலே மறைத்துப் பயனில்லை, ஜன்னலின் இரண்டு பக்கமும் வெளியே நிற்கிற மாதிரி கீற்றுத் தட்டி கட்டினால் போதும்.

இன்னொன்று. பின்னால் இருக்கிற மண் தரையில் வாழை வைக்கப்போவதாகச் சொன்னாய். வை. ஜன்னலை ஒட்டி மட்டும் வைக்காதே. நான் வைத்தேன். இலை விரிந்து வெயிலை வாங்கி உள்ளே அனுப்பியது, பார்க்க அவ்வளவு குளிர்ச்சி. வெள்ளைத் தாளில் பச்சை ஏறியிருக்கிறது என்பது மட்டும் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை, கண் பழகிவிட்டது. மாட வீதியில் பூ விற்கும் பெண்களை வரைந்துகொண்டிருந்த நேரம் அது. முகம் சோகை பிடித்தாற்போல் இருக்கிறதே என்று சிவப்பைச் சேர்த்தேன், இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். படத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்து வெளிச்சத்துக்கு வந்தால் அத்தனை முகமும் சுட்ட செங்கல். வாழைதான் காரணம் என்று புரிய ஒரு மழைக்காலம் போயிற்று. தோட்டமும் அறையும் தனித்தனி என்று நினைக்காதே, பாப்பா. வெளியே நீ நடுவது உள்ளே உன் வண்ணத்தட்டில் வந்து உட்காரும்.

சரி, இதெல்லாம் தட்டியும் கயிறும் வைத்துத் தீர்க்கிற சங்கதி. ஐந்தாவது பதிவில் நீ அழுதது வேறொன்றுக்கு. வேலையை விட்டால் நாள் முழுக்க வரையலாம் என்று நினைத்தாய். நாலு மாதத்தில் முடிந்தது மூன்று படம். அதிலும் இரண்டு, விற்கும் என்று நினைத்து வரைந்தவை. அந்தக் கடைசி வாக்கியம் வந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போய் நின்றேன். நானும் காசுக்கு வரைந்த வருஷங்கள் ஞாபகம் வந்துவிட்டன.

உன் படத்தை வாடகை கட்டச் சொல்லாதே. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். வாடகைக்கு வேறு கைவேலை வை.

சிநேகிதிகளோடு சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு எத்தனை தடவை போயிருப்பாய். மரத்தடியில் சிற்பம் பார்த்திருப்பாய், போட்டோ எடுத்திருப்பாய். அந்த மண் எப்படி வந்தது என்று யாராவது சொன்னார்களா? எழும்பூர் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்தபோது, படித்து வெளியே வருகிற பையன்களுக்குப் பெரிய கவலை. நவீன ஓவியம் என்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்க ஊரில் ஆளில்லை. வயிற்றுப்பாட்டுக்கு எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டால் இரண்டே வருஷத்தில் வரைவது நின்றுவிடும். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மெழுகை உருக்கித் துணியில் பாத்திக் போட்டார்கள். தோல் வேலை, உலோக வேலை செய்தார்கள். அதை விற்றுச் சேர்த்த காசில், 1966-ல், திருவான்மியூரைத் தாண்டி ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கினார்கள். அப்போது அங்கே மணலும் சவுக்கும்தான். யாரும் தானமாகக் கொடுத்த இடமில்லை அது. பாத்திக் துணி வாங்கிக் கொடுத்த இடம்.

அந்தச் சமயம் பணிக்கர் என்ன வரைந்துகொண்டிருந்தார் என்று பார். 1963-ல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை. ஜாதகக் கட்டம் போல் இருக்கும், எழுத்துப் போல் இருக்கும், படிக்க வராது. அந்த நாளில் நம் தியாகராய நகர் வீடுகளில் யார் அதைக் கூடத்தில் மாட்டியிருப்பார்கள்? விற்குமா என்று யோசித்திருந்தால் முதல் கோடே விழுந்திருக்காது. கைவேலை ஒரு பக்கம் உலையைப் பார்த்துக்கொண்டதால்தான் மறுபக்கம் யாருடைய முகத்தையும் பார்க்காமல் வரைய முடிந்தது.

ஓவியர் ஆதிமூலம் ஈஞ்சம்பாக்கத்துக்குக் குடிபோனவர் இல்லை. அவர் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார், ரெட்டப்ப நாயுடுவும் அங்கே இருந்தவர்தான். கைத்தறிக்கு வடிவமைப்புப் போடுகிற வேலை. காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969 வாக்கில், அவர் போட்ட காந்தி கோட்டோவியங்களை நீ பார்த்திருக்கிறாய். பேனாக் கோடு ஒன்றின் மேல் ஒன்றாக ஓடி ஓடிக் கிழவரின் தோலாகவும் எலும்பாகவும் மாறும். அந்தக் கை, புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் கோடு போட்டுப் பழகிய கை. புடவைக்குப் போட்டதால் அந்தக் கை கெட்டா போயிற்று?

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். முப்பத்தைந்து வயதில் நாள்காட்டிக்கும் வாழ்த்து அட்டைக்கும் வரையக் கேட்டார்கள். என் சொந்தப் படம்போலவே வரைந்து கொடுத்தேன், நல்ல காசு. மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் எனக்காக என்று உட்கார்ந்தேன். கை தானாக நாள்காட்டிப் பெண்ணின் கண்ணைப் போட்டது. அழித்தேன். மறுபடி அதே கண். அன்றைக்கு எனக்கு வந்த பயம் பிறகு எதற்கும் வந்ததில்லை. அதற்குப் பிறகு காசுக்குச் செய்கிற வேலையை என் படத்தின் ஜாடையே இல்லாததாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். துணிக்கடைக்கு அச்சுக்கட்டை வடிவம், வாரம் மூன்று சாயங்காலம் தெருக் குழந்தைகளுக்கு வகுப்பு. உனக்குக் கணினி வேலை தெரியும். வாரத்தில் இரண்டு நாள் அதை எடுத்துச் செய், கௌரவக் குறைவே இல்லை. அதோடு படம் விற்றால் சந்தோஷம், விற்காவிட்டால் அடுத்த மாத வாடகை ஆடாது.

இனி நேரம். காலை ஐந்திலிருந்து எட்டரை வரை எனக்கு. நாற்பது வருஷமாக அதைத்தான் பிடித்துவைத்திருக்கிறேன். நாலரைக்கு எழுந்து செடிக்குத் தண்ணீர், கோலம், காபி, அப்புறம் அறை. போன் சமையலறையில் இருக்கும். பால் பாக்கெட்டைக்கூட உன் மாமாதான் எடுத்துவைப்பார். கல்யாணமான புதிதில் அதற்கு அவ்வளவு சண்டை. பிறகு அவரே வருகிறவர்களிடம் “எட்டரைக்கு மேல் வாருங்கள்” என்று சொல்ல ஆரம்பித்தார். வரைய வரவில்லை என்றால் பென்சில் சீவு, காகிதம் வெட்டு, பழைய படத்தைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார். அறையை விட்டு மட்டும் எழுந்து வராதே. நமக்கு, பெண்களுக்கு, நேரம் தானாக வந்து வாய்க்காது. பொன்னானியிலிருந்து வந்து இதே எழும்பூரில் படித்த டி.கே. பத்மினி 1969 மே மாதம் பிரசவத்தில் போனபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தக் கொஞ்ச வருஷத்துக்குள் அவர் வரைந்துவைத்துவிட்டுப் போனதைப் பார்க்கிறபோதெல்லாம் என் காலை நேரத்தின் மேல் எனக்குப் பேராசை வரும்.

தோட்டத்துக்கு இருபது நிமிஷம் போதும். ஆனால் நோட்டோடு போ. ஒரே செடியை ஒரு வருஷம் வரை. நான் பவழமல்லியை எடுத்துக்கொண்டேன். புரட்டாசியில் விடிகிறதற்குள் கீழே கொட்டிக் கிடக்கும். பூ கவிழ்ந்து விழுந்தால் காம்பு மேலே பார்த்து நிற்கும், தரையே ஆரஞ்சுப் புள்ளிக் கோலமாக இருக்கும். இதழ் நேராக இராது, காற்றாடி மாதிரி ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கும். ஆறு இதழும் இருக்கும், ஏழும் இருக்கும். எண்ணாமல் ஐந்தாக வரைந்துகொண்டிருந்தேன் பல நாள்! காம்பைத் தாளில் தேய்த்துப் பார், அருமையான காவி வரும். அந்த நிறத்தில் மயங்கி ஒரு வரிசையே வரைந்தேன். தை பிறப்பதற்குள் வெளுத்துப்போயிற்று, வெளிச்சத்துக்குத் தாங்காத சாயம் அது. நோட்டில் மூடிவைத்த பக்கங்களில் மட்டும் இன்னும் இருக்கிறது.

2019 கோடையில் குழாயில் தண்ணீரே வராமல் லாரிக்குக் காத்துக் கிடந்தோமே, அப்போது ரோஜா, செம்பருத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அரிசி களைந்த தண்ணீரைப் பவழமல்லிக்கு மட்டும் ஊற்றினேன். பிழைத்துக்கொண்டது. 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் வேப்பமரம் விழுந்ததும் உனக்கு நினைவிருக்கும். மறுநாள் காலை அறைக்குள் போனால் கண் கூசியது. எத்தனையோ வருஷமாக அந்த இலைகளுக்குள் வடிகட்டிய வெளிச்சத்தில் வரைந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதியில் நின்ற நாலு படத்தையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

படங்களைப் பத்திரப்படுத்துவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும், நீ தரைத்தளத்தில் இருக்கிறாய். என் பழைய கோட்டோவியங்களை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுக் கோட்டூர்புரத்தில் சிநேகிதி வீட்டில் வைத்திருந்தேன். அதுவும் தரைத்தளம். 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி செம்பரம்பாக்கத்துத் தண்ணீரோடு அடையாறு ஏறி வந்தது. தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோது தாள்கள் ஊறிய அப்பளம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து மொட்டைமாடியில் உலர்த்தினோம். சாதாரண மையில் போட்டது நீலக் கறையாக நின்றது, இந்தியன் இங்க்கில் போட்ட கோடு மட்டும் சேற்றுக்கு அடியிலிருந்து அப்படியே வந்தது. பரணில் வை. மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றாட விடு. நிழலில் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து இடையிடையே போடு, ராமபாணப் பூச்சி கிட்ட வராது.

காட்சிக்கு யார் கேட்டாலும் கையெழுத்து வாங்காமல் படம் கொடுக்காதே. எத்தனை படம், என்ன விலை, கழிவு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திரும்பும், இந்த நாலும் தாளில் வேண்டும். முகதாட்சண்யத்துக்காகப் பதினொரு படத்தை ஓரிடத்தில் வாய்ச்சொல்லில் கொடுத்தேன். ஏழுதான் திரும்பி வந்தது. வராத நாலில் ஒன்று உன் பாட்டி முறத்தில் அரிசி புடைக்கிற படம். அதை இப்போதும் சில ராத்திரி நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது படம், விற்பதற்காக வரையாதது என்றாயே, அதை மட்டும் எனக்குப் போட்டோ அனுப்பாதே. நேரில் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பறக்கும் ரயிலில் வருகிறேன், எட்டரைக்கு மேல்தான் வீட்டுக்குள் நுழைவேன். ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதே, அந்த நேரம் அறையில் இரு. தட்டி மாமா ஏற்பாடு செய்திருக்கிறார். நீ நல்ல கயிறாகப் பத்து முழம் வாங்கிவை. ஒரு பவழமல்லிக் கன்றும் கொண்டுவருகிறேன். ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளிக் குழி தோண்டி, அடியில் மக்கிய எருப் போட்டு வை.

அன்புடன்,
அத்தை