தூண்டில்காரனுக்குச் சாக்கு கிடையாது

அன்புள்ள மருமகனுக்கு, மாமா எழுதுவது.

கம்பும் ரீலும் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். தூண்டிலுக்குச் சட்டம் ஏதும் உண்டா என்றும் கேட்டிருந்தாய். முதல் கேள்விக்குப் பதில், வாங்காதே. வள்ளத்தில் உட்கார்ந்து கடலடிப் பாரில் தூண்டில் போடுகிறவனுக்குக் கை போதும். அந்தக் காசில் எஞ்சினைப் பார்.

இரண்டாவது கேள்வி அத்தனை லேசில் முடியாது. எங்கே போடுகிறாய், எந்த மீனை ஏற்றுகிறாய் என்பதைத்தான் சட்டம் முக்கியமாகக் கேட்கும். நம்மிடம் அதைக் கொஞ்சம் கறாராகவே கேட்க வேண்டும் என்பது என் கட்சி. மடிவலை இழுக்கிறவன், "தானாக வந்து விழுந்தது, நான் என்ன செய்ய?" என்று கையை விரித்துவிடலாம். நம் மீன் ஒவ்வொன்றாக, உயிரோடு, முகத்துக்கு நேரே மேலே வருகிறது. தெரியாமல் நடந்தது என்று நாம் சொன்னால் எவனும் நம்ப மாட்டான்.

சாமானில் இருந்து தொடங்குகிறேன். தூண்டில் கயிறான தங்கூசியைச் சுற்ற ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். மூடியை இறுக்கி மூடிவை. கை நழுவிக் கடலில் விழுந்தாலும் மிதக்கும். பழைய சைக்கிள் டியூப்பில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு வளையமாக வெட்டி ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொள். கயிறு ஓடுகிற இடம் அதுதான். எந்தக் காரணத்தைக் கொண்டும் தங்கூசியை உள்ளங்கையில் சுற்றிப் பிடிக்காதே. பெரிய பாறை மீன் ஒன்று தலையைத் திருப்பிக்கொண்டு ஓடினால் சதையை அறுத்துவிட்டுத்தான் நிற்கும்.

எடைக்குப் பழைய ஸ்பார்க் பிளக் நல்லது. ஒர்க்ஷாப்பில் சும்மாவே கொடுப்பார்கள். ஆனால் அதைப் பிரதானக் கயிற்றில் கட்டாதே. ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய நூலில் தொங்கவிடு. பாரில் சிக்கினால் அந்த நூல் மட்டும் அறும். முள்ளும் கயிறும் மீனும் உன் கைக்கு வரும். கல்லைக் கட்டுவதானால் ஆற்றுக்கல், கருங்கல் சில்லு எதுவானாலும் சரி, கடலுக்குள் போனாலும் பழுதில்லை. பவளக்கல் மட்டும் கூடாது. கரையில் செத்துக் கிடக்கிறதுதானே, ஓட்டை வேறு இருக்கிறது, கட்ட வசதி என்று எடுக்கத் தோன்றும். பாறை கட்டும் பவளங்களை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். வள்ளத்தில் அந்தக் கல் கிடந்தால், எடை போட வைத்திருக்கிறேன் என்பது பதிலாகாது. பவளக்கல்லை வண்டி வண்டியாக வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பின காலம் ஒன்று இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் முழுகினதற்கு அதுவும் ஒரு காரணம்.

கயிற்றைச் சுற்றும் முன் ஒரு வேலை செய். இரு கையையும் விரித்து அளந்து, பாகத்துக்குப் பாகம் சாயநூலால் ஒரு முடிச்சுப் போடு. மூன்றரைப் பாகத்தில் மஞ்சள், ஐந்து பாகத்தில் சிவப்பு. ஏன் இந்த இரண்டு கணக்கு என்றால், மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவின் எல்லையே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகள், சுற்றியுள்ள ஆழமில்லாத கடலோடு சேர்த்து 560 சதுர கிலோமீட்டர், 1986-இல் அறிவித்தார்கள். தீவுக்குக் கரைப்பக்கம் மூன்றரைப் பாக ஆழம் வரைக்கும், கடல்பக்கம் ஐந்து பாக ஆழம் வரைக்கும் பூங்கா. அதற்குள் தூண்டில் ஆனாலும் போடக் கூடாது. ஒரு பாகம் ஆறடி. உன் விரித்த கை அதற்குக் கொஞ்சம் குறையும், எனவே டேப் வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள். தீவுப் பக்கம் போகும்போது முள் கட்டாமல் எடையை மட்டும் இறக்கிப் பார். கரைப்பக்கமானால் மஞ்சள், கடல்பக்கமானால் சிவப்பு நனையாமல் எடை தரை தட்டினால் நீ உள்ளே இருக்கிறாய். கடல் நீவாடு இழுக்கிற நாளில் கயிறு சாய்ந்து ஆழத்தைக் கூட்டிக் காட்டும், அதனால் இன்னும் இரண்டு பாகம் தள்ளியே நில். ஜிபிஎஸ் இருந்தால் நல்லது. எனக்குக் கயிறுதான் நம்பிக்கை.

அந்த எல்லையைப் பற்றி ஊரில் பேசுகிற ஆதங்கம் எனக்கும் உண்டு. தாத்தா காலத்தில் தீவில் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு வந்தவர்கள் நாம். கோடு போடும்போது யாரும் நம்மைக் கேட்கவில்லை. அதற்காக இருட்டில் உள்ளே போய்வருகிறவர்கள் பேச்சை நீ கேட்காதே. மாட்டினால் வள்ளம் வனத்துறையிடம் நிற்கும், நீ கோர்ட்டு வாசலில் நிற்பாய்.

இப்போது மீனுக்கு வருகிறேன். விளமீன், பாறை, சங்கரா எல்லாம் தாராளமாகப் பிடி. களவாவில்தான் கண் வேண்டும். களவா இனங்களிலேயே பெரிதாக வளர்வது ஒன்று உண்டு. இரண்டரை மீட்டருக்கு மேலும் வளரும், நானூறு கிலோ தொடும். அதுவும் 2001-இல் அட்டவணைக்குள் வந்தது. பெரிதைக் கண்டால் யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள், சிக்கல் குட்டியில். குட்டி கறுப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக, பார்க்க அழகாக இருக்கும். கண் உடம்புக்குச் சின்னது, வால் உருண்டை. அப்படி ஒன்று ஏறினால் திரும்ப விட்டுவிடு. மற்றக் களவாக்களிலும் சின்னதை விடு என்றுதான் சொல்வேன். களவாக்களில் பெரும்பாலானவை முதலில் பெண்ணாக இருந்து, வளர்ந்த பிறகே ஆணாக மாறுகின்றன.

விடுவதிலும் ஒரு வேலைப்பாடு இருக்கிறது. முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைவிட நான்கு மடங்கு. அங்கிருந்து சட்டென்று இழுத்தால் மீனின் காற்றுப்பை நான்கு மடங்கு விரியப் பார்க்கும். கண் பிதுங்கும், இரைப்பை வாய் வழியே பலூன் போல வெளியே தள்ளும். அதைக் கத்தியால் குத்திக் காற்றை வெளியேற்றுவார்கள் சிலர். குத்துவது காற்றுப்பையை அல்ல, இரைப்பையை. அப்படியே தூக்கிப் போட்டால் முங்க முடியாமல் மேலேயே மிதக்கும், பருந்து வந்து கொத்தும். விட்டதாகப் பேர்தான்.

இதற்கு நீயே ஒரு கருவி செய்யலாம். பெரிய பழைய முள் ஒன்றை எடுத்து, அதன் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி வழவழப்பாக்கு. முள்ளின் காதில் அரைக்கிலோவுக்குக் குறையாத ஈயக்கட்டியைக் கட்டு. முள்ளின் வளைவில் கயிறு. கயிற்றைத் தூக்கினால் முள் தலைகீழாக, நுனி கீழே பார்த்துத் தொங்க வேண்டும். மீனின் கீழுதட்டில் அந்த நுனியைக் கோத்து, மெல்ல இறக்கு. எடை அதைத் தலைகீழாக இழுத்துப் போகும். போகப் போக அழுத்தம் காற்றைச் சுருக்கும். தரை தட்டியதும் கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழு. முள் உருவிக்கொண்டு வரும், மீன் அங்கேயே நிற்கும். ஒரு மீனுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். நல்ல பாடு ஓடுகிற நேரத்தில் அந்த இரண்டு நிமிஷம் உனக்கு எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருக்கும்.

மீன் முள்ளை விழுங்காமல் இருந்தால்தான் இதெல்லாம். அதனால் வட்ட முள் வாங்கு. கடித்ததும் வெட்டி இழுக்கும் பழக்கத்தை விடு. கயிறு இறுகட்டும், முள் தானே திரும்பி வாய் ஓரத்தில் ஏறும். துருப்பிடிக்காத எஃகு முள் வேண்டாம். கயிற்றை அறுத்துக்கொண்டு போன மீனின் வாயில் சாதா முள்தான் துருப்பிடித்து உதிரும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெடியும் விஷமும் 1897-ஆம் வருஷச் சட்டத்திலேயே குற்றம். வெடி மீனை விலைக்குக்கூட வாங்காதே, அறுத்தால் முள்ளெலும்பு நொறுங்கியிருப்பது தெரியும். விளக்குப் போட்டு மீன் கூட்டுவதை மத்திய அரசு 2017-இல் தடை செய்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுக்கு. துடுப்பும் பாயும் வைத்திருக்கிறவனுக்கு விலக்கு உண்டு. நீ எஞ்சின் பூட்டியிருப்பதால், தடை தொடங்கும் முன் அந்த வருஷத்து அறிவிப்பை மீன்வளத் துறை ஆபீசில் படித்துவிடு.

இதுவரை சொன்னதெல்லாம் கையைக் கட்டுகிற சட்டம். நமக்கு அரணாக நிற்கிற சட்டமும் ஒன்று உண்டு. 1983-ஆம் வருஷத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையில் இருந்து மூன்று கடல் மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கு என்று ஒதுக்கிய சட்டம். லாஞ்சு அதற்குள் மடி இழுக்கக் கூடாது. வள்ளக்காரர்கள் லாஞ்சுக்காரர்களோடு வருஷக்கணக்கில் மோதின பிறகு வந்த சட்டம் அது. இன்றைக்கும் உள்ளே வந்து இழுக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நடுக்கடலில் சண்டைக்குப் போகாதே. பதிவு எண் தெரிகிற மாதிரி போட்டோ எடு, நேரத்தையும் இடத்தையும் குறி, சங்கத்தின் மூலம் எழுத்தில் புகார் கொடு. புகார் கொடுக்கிறவன் வள்ளத்தின் பதிவைத்தான் முதலில் கேட்பார்கள். உன்னுடையது இன்னும் உன் அப்பா பெயரிலேயே கிடக்கிறது. இந்த மாதத்துக்குள் அதை மாற்றிவிட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
மாமா